நியூரோ ரிசர்ச் பண்ணணும்னு ஆசையா? நோயை விடுங்க, செல்லைப் பிடிங்க – நெட் ஜேஆர்எஃப், பிஎச்டி இண்டர்வியூ பத்தி கொஞ்சம்

பிஎச்டி கடைசி கட்டத்துல இருக்கேன், செல்லுக்கு எனர்ஜி தர்ற மைட்டோகாண்ட்ரியா கெட்டுப்போனா நியூரான் (நரம்பு செல்) அதை எப்படி காலி பண்ணுதுங்கிறதுதான் நம்ம பொழப்பு. எம்.எஸ்சி. படிக்கிற ஜூனியர்ஸ் போன் பண்ணா கேட்கிறது கிட்டத்தட்ட ஒரே கேள்விதான், "அக்கா எனக்கு அல்சைமர்ஸ்ல வொர்க் பண்ணணும் எந்த லேப் போகலாம்", இல்லன்னா "பார்க்கின்சன்ஸ்ல பிஎச்டி பண்ண நெட்ல எந்த யூனிட் படிக்கணும்" (நெட்னா சிஎஸ்ஐஆர் நெட் தேர்வு, அதுல கிடைக்கிற பிஎச்டி உதவித்தொகைதான் ஜேஆர்எஃப்). வீட்டுல தாத்தாவோ பெரியம்மாவோ கை நடுங்கி கஷ்டப்பட்டதைப் பார்த்துட்டு வர்ற பசங்க இதுல நிறைய, அந்த ஆசையை நான் குறைச்சு பேச மாட்டேன். ஆனா நான் சொல்ற பதில் அவங்களுக்கு உடனே பிடிக்காது. நோயைத் தேடிப் போகாதீங்க, செல்லுக்குள்ள நடக்கிற ஏதோ ஒரு வேலையைப் பிடிச்சுக்கங்க, அதோட அடிமட்டம் வரைக்கும் படிங்க, நோய் தன்னால வந்து சேரும்.

சும்மா வாய்ல வந்ததை சொல்லல, இப்படியே ஒரு ஆளோட மொத்த கரியரும் போயிருக்கு. ரிச்சர்ட் யூல்னு அமெரிக்காக்காரர், அந்த நாட்டு அரசு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமான என்ஐஎச்ல நியூரோ இன்ஸ்டிட்யூட்ல லேப் நடத்தினவர், பார்க்கின்சன்ஸ் சம்பந்தமான வேலைக்காக 2021 பிரேக்த்ரூ பிரைஸ்ங்கிற பெரிய அறிவியல் விருது வாங்கினவர். எம்.எஸ்சி. ரெண்டாவது வருஷம் செமினாருக்கு எனக்கு இவரோட 2008 பேப்பர்தான் வந்துச்சு. அதைப் படிச்சிட்டு இந்த ஆளு இதுக்கு முன்னாடி என்ன பண்ணாருன்னு பின்னாடி போக ஆரம்பிச்சேன், அப்புறம் 2008-க்கு அப்புறம் வந்ததையும் ஒவ்வொண்ணா படிச்சேன், நெட் பார்ட் சி-க்கும் (யோசிச்சு எழுதற கேள்விங்க வர்ற பகுதி) இண்டர்வியூவுக்கும் எனக்கு ரொம்ப கை கொடுத்தது அந்தப் படிப்புதான், கோச்சிங் மெட்டீரியல் எல்லாம் அதுக்கு அடுத்துதான்.

அவர் பிஎச்டி பண்ணது சவுத் கரோலினா யூனிவர்சிட்டில, டாபிக் ரிசின். ஆமணக்கு விதைல இருக்கிற விஷப் புரதம். அது ரைபோசோமோட 28எஸ் ஆர்ஆர்என்ஏல இருந்து ஒரே ஒரு அடினினைப் பிடுங்கிடும், ரைபோசோம் அவ்வளவுதான், புரதம் தயாரிக்கிற வேலையே நின்னுடும். டிஃப்தீரியா டாக்ஸின் வேற வழி, அது புரதம் தயாரிக்க உதவுற இஎஃப்-2ல ஏடிபி (ADP) ரைபோஸை ஒட்டி நிறுத்தும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதி வெச்சுக்கங்க, நெட்டுக்கு இது கட்டாயம் வேணும். போஸ்ட்டாக் என்ஐஎச்லயே மனநல இன்ஸ்டிட்யூட்ல டேவிட் நெவில் லேப்ல, அங்க இந்த மாதிரி டாக்ஸினை ஒரு குறிப்பிட்ட வகை செல்லுக்குள்ள மட்டும் போற மாதிரி மாத்தி அமைக்கிற வேலை. 1985ல நியூரோ இன்ஸ்டிட்யூட்ல சர்ஜிக்கல் நியூராலஜி பிராஞ்ச்ல சேர்றார், வேலை மூளைக் கட்டி. மாத்தி அமைச்ச டிஃப்தீரியா டாக்ஸினை இரும்பைக் கடத்துற டிரான்ஸ்ஃபெரின் புரதத்துல ஒட்டி மூளைக் கட்டி இருக்கிற பேஷண்ட்ஸுக்கு நேரடியா கட்டிக்குள்ள செலுத்திப் பார்த்த ரிசல்ட் 1997ல வந்துச்சு. அதாவது அதுவரைக்கும் பார்க்கின்சன்ஸ் சீன்லயே இல்லை, பாத்துக்கங்க.

இங்க இருந்து மைட்டோகாண்ட்ரியாவுக்கு எப்படி வந்தாருங்கிறது எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி. 1996ல செல் சாவைத் தடுக்கிற பிசிஎல்-எக்ஸ்எல் புரதத்தோட ஸ்ட்ரக்சர் வெளிய வந்தப்ப அது பார்க்க டிஃப்தீரியா டாக்ஸின்ல மெம்பிரேனைத் துளைக்கிற பகுதி மாதிரியே இருந்துச்சு. டாக்ஸின் எப்படி மெம்பிரேனுக்குள்ள நுழையுதுன்னு வருஷக்கணக்கா பார்த்துட்டிருந்த ஒருத்தர் அப்பாப்டோசிஸ் (செல் தானே திட்டமிட்டு சாகிறது) பக்கம் திரும்பினதுல எனக்கு ஆச்சரியமே இல்லை. 1997ல அவர் லேப்ல இருந்து வந்த பேப்பர்ல பச்சையா ஒளிர்ற ஜிஎஃப்பி ஒட்டின, செல்லை சாகடிக்கிற பாக்ஸ் புரதம், சாதாரணமா சைட்டோசால்ல (செல்லுக்குள்ள இருக்கிற திரவம்) சும்மா பரவிக் கிடக்குது, செல்லுக்கு சாகச் சொல்லி சிக்னல் கொடுத்தா மைட்டோகாண்ட்ரியாவுல போய் ஒட்டுது. இன்னைக்கு இது டெக்ஸ்ட்புக்ல ஒரு வரி. அதே வருஷம் இன்னொரு பேப்பர், நம்மள மாதிரி ஆளுங்க அதைத்தான் முக்கியமா படிக்கணும், செல்லை உடைக்க லைசிஸ் பஃபர்ல போடுற டிடர்ஜெண்ட்டே பிசிஎல்-2 குடும்பப் புரதங்களை ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வெச்சிடுதுன்னு காட்டினாங்க. அப்ப இம்யூனோபிரெசிபிடேஷன் (ஆன்டிபாடியால ஒரு புரதத்தை இழுத்து கூட எது வருதுன்னு பார்க்கிறது) பண்ணி "இதுவும் அதுவும் பைண்ட் ஆகுது"ன்னு சொல்ற ரிசல்ட்ல எவ்வளவு செல்லுக்குள்ள நிஜமா நடந்தது, எவ்வளவு உங்க டியூப்ல நடந்ததுன்னு கேள்வி வருதுல்ல. பார்ட் சி-ல எக்ஸ்பெரிமெண்ட் கொடுத்து எந்த கண்க்ளூஷன் தப்புன்னு கேட்கிற கேள்விக்கு இந்த மாதிரி யோசிக்கிற பழக்கம்தான் வேணும், மனப்பாடம் அங்க வேலைக்கு ஆகாது.

2001ல அதே லேப் டிஆர்பி1 பேப்பர், மைட்டோகாண்ட்ரியாவை வெட்டித் துண்டாக்குற புரதம், அதோட கே38ஏ மியூட்டண்ட்டை செல்லுக்குள்ள விட்டா அப்பாப்டோசிஸ் டைம்ல மைட்டோகாண்ட்ரியா துண்டாகிறது தடைபடுது, சாவும் தள்ளிப்போகுது. டாமினண்ட் நெகட்டிவ்னா என்னன்னு டெஃபனிஷன் எழுதி மனப்பாடம் பண்றதை விட இந்த ஒரு ஃபிகரைப் பார்த்தா போதும், நல்ல ஜீன் செல்லுல அப்படியே இருக்கும்போதும் கெட்ட காப்பி எப்படி ஜெயிக்குதுன்னு புரிஞ்சிடும்.

சரி, பார்க்கின்சன்ஸ் பக்கம் இதே காலத்துல என்ன நடந்துச்சு. 1998ல ஜப்பான் குரூப் பார்க்கின் ஜீனைக் கண்டுபிடிச்சாங்க, சின்ன வயசுலயே வர்ற ரெசசிவ் டைப் நோய்ல. 2000ல அது மத்த புரதத்து மேல யுபிக்விட்டின்ங்கிற சின்ன புரத அடையாளத்தை ஒட்டுற இ3 லைகேஸ் என்சைம்னு தெரிஞ்சுது. 2003ல பார்க்கின் இல்லாத ஈயில மைட்டோகாண்ட்ரியா சிதைஞ்சு கிடக்குறதைப் பார்த்தாங்க. 2004ல இன்னொரு பார்க்கின்சன்ஸ் ஜீன், பிங்க்1. 2006ல ரெண்டு ஈ குரூப் தனித்தனியா ஒரே விஷயத்தை சொன்னாங்க, பிங்க்1 இல்லாத ஈயும் பார்க்கின் இல்லாத ஈயும் ஒரே மாதிரி நொண்டுது, பிங்க்1 இல்லாத ஈக்கு பார்க்கினை அதிகமா கொடுத்தா சரியாகுது, உல்ட்டாவா பண்ணா சரியாகல. எபிஸ்டாசிஸ் கேள்வி வரும்போது இந்த உதாரணத்தை மனசுல வெச்சுக்கங்க, யார் மேல யார் கீழன்னு ஆர்டர் போடுறது இப்படித்தான், பிங்க்1 மேல, பார்க்கின் கீழ. ஆக ஜீன் ரெண்டும் கையில இருக்கு, மைட்டோகாண்ட்ரியா சம்பந்தம் இருக்குன்னும் தெரியும், ஆனா செல்லுக்குள்ள பார்க்கின் என்னதான் பண்ணுதுன்னு தெளிவா தெரியல.

2008. முதல் ஆதர் டெரெக் நரேந்திரா. மைட்டோகாண்ட்ரியாவுல எந்தப் புரதம் எப்ப போய் ஒட்டுதுன்னு பத்து வருஷமா மைக்ராஸ்கோப்ல பார்த்துட்டிருந்த லேப்ல, ஹீலா செல்லுல கலர் ஒட்டின பார்க்கினைப் போட்டு, சிசிசிபி கொடுத்தாங்க. சிசிசிபி மைட்டோகாண்ட்ரியா மெம்பிரேன் பொட்டென்ஷியலை (மெம்பிரேனோட ரெண்டு பக்கத்துக்கும் உள்ள மின்னழுத்த வித்தியாசம்) இறக்கிடும். சைட்டோசால்ல பரவியிருந்த பார்க்கின் அப்படியே மைட்டோகாண்ட்ரியா மேல போய் மொய்க்குது. 1997 பாக்ஸ் பேப்பர் ஃபிகரையும் இதையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க, கேள்வி ஒண்ணேதான், புரதம் மட்டும் வேற. இன்னும் கொஞ்ச நேரம் விட்டா நிறைய செல்லுல மைட்டோகாண்ட்ரியாவே காணோம். ஆட்டோஃபேஜிக்கு (செல் தன் குப்பையை தானே செரிக்கிற வேலை) தேவையான ஏடிஜி5 ஜீன் இல்லாத செல்லுல அது காணாம போகல, அதனால ஆட்டோஃபேஜி வழியாத்தான் போயிருக்கணும். எனக்கு இதுல பிடிச்ச எக்ஸ்பெரிமெண்ட் வேற, மைட்டோகாண்ட்ரியாவை ஒண்ணோட ஒண்ணு இணைக்கிற மைட்டோஃபியூசின் ரெண்டும் இல்லாத செல்லுல மைட்டோகாண்ட்ரியா எல்லாம் தனித்தனி துண்டா இருக்கும், சிலதுக்கு பொட்டென்ஷியல் இருக்கும் சிலதுக்கு இருக்காது, மருந்து எதுவும் கொடுக்காமலே பார்க்கின் அந்த பொட்டென்ஷியல் இல்லாததை மட்டும் தேடிப்போய் ஒட்டுது. "சிசிசிபி விஷம், அதனால ஏதோ நடந்துச்சு"ன்னு யாராவது சொன்னா அதுக்கு இதுதான் பதில்.

ஹீலாங்கிறது கர்ப்பப்பை வாய் கேன்சர் செல், அதுல சொந்த பார்க்கின் கிட்டத்தட்ட இல்லவே இல்லை, அதனாலதான் வெளிய இருந்து போட்டு வித்தியாசம் பார்க்க வசதியா இருந்துச்சு. மூளை நோய் பேப்பர் ஒரு கேன்சர் செல்லுல பிறந்திருக்குன்னு நான் சொன்னா ஜூனியர்ஸ் நம்பவே மாட்டேங்கிறாங்க. எந்த செல்லுல பண்ணாங்கங்கிறதை விட அந்தக் கேள்விக்கு அந்த செல் சரியாங்கிறதுதான் பார்க்கணும், இண்டர்வியூ பேனலும் அதைத்தான் பார்ப்பாங்க.

அதுக்கப்புறம் வந்தது எல்லாம் அடுத்தடுத்து ஒவ்வொரு ஓட்டையா அடைக்கிற வேலை. 2010ல பிங்க்1 கதை, நல்ல மைட்டோகாண்ட்ரியாவுல பிங்க்1 உள்ள இழுக்கப்படும், பார்ல்ங்கிற புரோட்டியேஸ் வெட்டும், வெட்டினது சீக்கிரம் அழிஞ்சிடும், அதனால பிங்க்1 கண்ணுலயே படாது. பொட்டென்ஷியல் போச்சுன்னா உள்ள இழுக்க முடியாது, வெளி மெம்பிரேன்லயே சேர்ந்துக்கும், அது பார்க்கினை வரவழைக்கும். யூனிட் 2ல மைட்டோகாண்ட்ரியா புரோட்டீன் இம்போர்ட், புரதத்தை உள்ள விடுற டாம் டிம் வாசல் எல்லாம் வறட்டுத்தனமா படிச்சிருப்பீங்கல்ல, அந்த இம்போர்ட் நின்னுபோறதே ஒரு சிக்னலா வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா அந்த டயகிராம் ஜென்மத்துக்கும் மறக்காது. 2014ல மூணு குரூப், யூல் லேப் உட்பட, பிங்க்1 யுபிக்விட்டினையே செரின் 65ங்கிற இடத்துல பாஸ்ஃபாரிலேட் பண்ணுதுன்னு (பாஸ்ஃபேட் ஒட்டுதுன்னு) காட்டினாங்க. 2015ல அஞ்சு ஆட்டோஃபேஜி ரிசெப்டரை ஒரே ஹீலா செல்லுல நாக்அவுட் பண்ணிட்டு (ஜீனையே எடுத்துட்டு), ஒவ்வொண்ணா திருப்பிப் போட்டு எது முக்கியம்னு பார்த்தாங்க, என்டிபி52-உம் ஆப்டிநியூரினும் ஜெயிச்சுது. ஆப்டிநியூரின் மியூட்டேஷன் ஏஎல்எஸ்ங்கிற மோட்டார் நியூரான் நோய்ல இருக்கு, அதோட கூட்டாளி டிபிகே1 மியூட்டேஷனும் ஏஎல்எஸ்ல இருக்கு. பார்த்தீங்களா, பார்க்கின்சன்ஸ்னு ஆரம்பிச்சது இன்னொரு நோய்க்கும் போய் தொட்டுடுச்சு. "நான் ஏஎல்எஸ் ஆளு", "நான் அல்சைமர்ஸ் ஆளு"ன்னு எம்.எஸ்சி.லயே போர்டு மாட்டிக்கிட்டா இந்த மாதிரி சம்பந்தம் கண்ணுல படாமலே போயிடும்.

இப்ப நெட். தெரிஞ்சவங்க இந்த பாராவை தாண்டிப் போகலாம். லைஃப் சயின்சஸ் பேப்பர் 200 மார்க், 3 மணி நேரம். பார்ட் ஏ 20ல 15, பார்ட் பி 50ல 35, ரெண்டுக்கும் கேள்விக்கு 2 மார்க். பார்ட் சி 75ல 25 எழுதினா போதும், ஒவ்வொண்ணும் 4 மார்க், அதாவது மொத்தத்துல பாதி மார்க் அங்க கிடக்குது. தப்புக்கு கால்வாசி மார்க் போகும். சிலபஸ்ல இருக்கிற 13 யூனிட்டையும் ஒரே ஆழத்துல படிக்கணும்னு கோச்சிங்ல பயமுறுத்துவாங்க, கணக்கு போட்டுப் பாருங்க, பார்ட் சி-ல மூணுல ஒண்ணு எழுதினா போதும்னு அவங்களே விட்டுக்கொடுத்திருக்காங்க. செல் பயாலஜி பக்கம் போறவங்க யூனிட் 2, 3, 4, 8, 13 இதை ரொம்ப ஆழமா படிங்க, 1-ம் 5-ம் 7-ம் நல்லா படிங்க, பிளாண்ட் ஃபிசியாலஜி, எக்காலஜி, எவல்யூஷன்ல பார்ட் பி-க்கு தேவையான அளவு தொட்டுக்கங்க. எக்காலஜில கணக்கு வர்ற சில கேள்வி ஈஸி மார்க், அதை மட்டும் விடாதீங்க. பார்ட் ஏ-வை ஏளனமா பார்க்கிறவங்க நிறைய, 30 மார்க், பயாலஜியே தெரியாத என் தம்பி அதுல என்னை விட அதிகம் எடுப்பான், தினம் ராத்திரி கொஞ்சம் போட்டுப் பழகினா வந்துடும்.

யூனிட் 13தான் பசங்க கடைசில தள்ளிவிடுற யூனிட், மெத்தட்ஸ் இன் பயாலஜி. என்னைக் கேட்டா முதல்ல அதை எடுங்கன்னுதான் சொல்வேன், ஆனா தனியா படிக்காதீங்க. ஒரு பேப்பரை எடுத்து ஒவ்வொரு ஃபிகருக்கும் ஒரு நோட்டுல நாலு விஷயம் எழுதுங்க, என்ன கேட்டாங்க, என்ன மெத்தட், கண்ட்ரோல் என்ன, இதே ரிசல்ட் வேற காரணத்தாலயும் வரலாமா. டிஸ்கஷன் பகுதியை மூடி வெச்சிட்டு எழுதணும், அதான் முக்கியம். மேல சொன்ன பேப்பர்ஸ் வரிசைல போனா ஃபிராக்ஷனேஷன், ஜிஎஃப்பி, இமேஜிங், டாமினண்ட் நெகட்டிவ், நாக்அவுட் எம்இஎஃப் (எலிக் கருவுல இருந்து எடுத்த செல்), ஆர்என்ஏஐ (ஜீனை அடக்குற முறை), ஜீனோம் எடிட்டிங், கடைசில மவுஸ் வரைக்கும் எல்லாமே வந்துடுது. பேப்பரை காசு கொடுத்து வாங்கணுமான்னு கேட்கிறவங்களுக்கு, என்ஐஎச் லேப் பேப்பர்ஸ் பெரும்பாலும் பப்மெட் சென்ட்ரல்ல ஃப்ரீயாவே கிடைக்கும்.

ஆரம்பத்துல ஒரு பேப்பருக்கு ரெண்டு வாரம் கூட ஆகும், பரவாயில்லை. இங்கிலீஷ் பயமா இருந்தா ஃபிகர் லெஜெண்டை மட்டும் முதல்ல படிங்க, அதுல வாக்கியம் சின்னது, அலங்காரம் கிடையாது. தமிழ் மீடியத்துல படிச்சு வந்த என் ரூம்மேட் இப்படித்தான் படிச்சா, ஃபிகரை நோட்டுல கையால வரைஞ்சு பக்கத்துல தமிழ்லயே எழுதி வெச்சுப்பா, இண்டர்வியூல போர்டுல வரைஞ்சு பேசினப்ப அவ இங்கிலீஷை யாரும் கவனிக்கவே இல்லை, வரைஞ்சதைத்தான் கவனிச்சாங்க.

இண்டர்வியூக்கு வருவோம். ஜேஆர்எஃப் வாங்கிட்டா எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க, அது பணத்துக்கான டிக்கெட், சீட்டுக்கு தனியா நிக்கணும். என்சிபிஎஸ், ஜேஎன்சிஏஎஸ்ஆர், ஐஐஎஸ்சி, சிசிஎம்பி, மானேசர்ல இருக்கிற என்பிஆர்சி, ஐசர்கள்னு ஒவ்வொரு ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் ஒவ்வொரு மாதிரி, டிஐஎஃப்ஆர் நடத்துற ஜேஜிபில்ஸ்ங்கிற நுழைவுத் தேர்வு வேற இருக்கு, அதையும் எழுதி வைங்க. பேனல்ல உக்காந்திருக்கவங்க உங்களை மடக்கப் பார்க்கல, நீங்க யோசிக்கிறதைப் பார்க்கணும் அவங்களுக்கு. எனக்கு வந்த ஒரு கேள்வியை அப்படியே சொல்றேன், ஏன்னா இதே கேள்வி வேற வேற வேஷத்துல பல பேருக்கு வந்திருக்கு. போர்டுல ஒரு வெஸ்டர்ன் பிளாட் (புரத அளவை பேண்டா காட்டுற சோதனை) வரைஞ்சாங்க, எல்சி3-II பேண்ட், மருந்து கொடுக்காத செல்லுல மெல்லிசா, மருந்து கொடுத்த செல்லுல தடிமனா. "ஆட்டோஃபேஜி கூடிடுச்சா?"

ஆமான்னு சொல்லத்தான் வாய் வரும். எல்சி3-IIங்கிறது ஆட்டோஃபேகோசோம் (குப்பையை சுத்திக்கிற பை) மெம்பிரேன்ல ஒட்டியிருக்கிற எல்சி3 புரத வடிவம், கடைசில குப்பையை செரிக்கிற லைசோசோம்ல போய் அதுவும் கரைஞ்சிடும். அப்ப பேண்ட் தடிக்கிறதுக்கு ரெண்டு வழி, ஒண்ணு நிறைய உருவாகுது, இல்லன்னா உருவானது கரையாம தேங்குது. பேண்டை மட்டும் பார்த்து எதுன்னு சொல்ல முடியாது. அதனால லைசோசோமை நிறுத்துற பாஃபிலோமைசின் கொடுத்தும் கொடுக்காமலும் ரெண்டு செட் போடணும், பாஃபிலோமைசின் இருக்கும்போதும் மருந்தால மேல கூடுச்சுன்னா உற்பத்தி கூடுது, ஏற்கனவே தேங்கி நிக்குதுன்னா பாஃபிலோமைசின் போட்டாலும் பெருசா மாறாது. கூடவே ஆட்டோஃபேஜில கரையுற பி62 புரதத்தோட அளவைப் பார்ப்பேன்னு சொன்னா நல்லது. அதோட நின்னுடாதீங்க, "பி62 கூடினா அது டிரான்ஸ்கிரிப்ஷனாலயும் கூடலாம் சார், எம்ஆர்என்ஏ பார்க்கணும்"னு நீங்களே சொன்னா பேனல்ல ஒருத்தர் நாற்காலில நிமிர்ந்து உக்காருவார். அந்த ஒரு கேள்விலயே இருபது நிமிஷம் ஓடிடும், வேற எதையும் கேட்க அவங்களுக்கு நேரமே இருக்காது.

லேப்ல இதை நிஜமா ஓட்டிப் பார்த்தவங்களுக்குத்தான் இதோட கொடுமை தெரியும். எல்சி3-I, எல்சி3-II ரெண்டும் 14-க்கும் 18 கிலோடால்டனுக்கும் நடுவுல, ஒண்ணை ஒண்ணு ஒட்டிக்கிட்டு ஓடும், கொழுப்பு ஒட்டின II கனம் அதிகம், ஆனா ஜெல்லுல அதுதான் வேகமா கீழ போகும். 15 சதவீத ஜெல் போடணும், டை ஃப்ரண்ட் கீழ வர்ற நேரத்துல காபி குடிக்கப் போனீங்கன்னா பேண்ட் பஃபர்ல கரைஞ்சு போயிருக்கும். மெம்பிரேன் 0.2 மைக்ரான் பிவிடிஎஃப் வேணும், 0.45 போட்டா சின்ன புரதம் ஊடுருவி அந்தப் பக்கம் போயிடும். எம்.எஸ்சி. புராஜெக்ட்ல இந்த மாதிரி ஏதாவது ஒரு டெக்னிக்கை, ஒண்ணே ஒண்ணு போதும், ஏன் இந்த பஃபர் ஏன் இந்த சதவீதம்னு கேட்டா சொல்ற அளவுக்கு தெரிஞ்சுக்கிட்டு வாங்க. ரெஸ்யூம்ல பன்னெண்டு டெக்னிக் பேரைப் போட்டுட்டு பிசிஆர்ல அன்னீலிங் டெம்பரேச்சர் ஏன் அதுன்னு கேட்டா முழிக்கிற பசங்களைப் பார்த்து பேனலுக்கு அலுத்துப்போச்சு.

இன்னொரு விஷயம், நீங்க விரும்புற சயின்டிஸ்டை பேனல்ல தூக்கி வெச்சுப் பேசாதீங்க. "இதுல குறை என்ன"ன்னு அடுத்த கேள்வி கண்டிப்பா வரும். யூல் பேப்பரையே எடுத்துக்கங்க. பார்க்கினை அளவுக்கு மீறி போட்டு பண்ண எக்ஸ்பெரிமெண்ட். சிசிசிபி மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் தொடாது, புரோட்டான் கடத்துற மருந்துங்கிறதால லைசோசோம் பிஹெச்சையும் கெடுக்கும், அதனாலதான் பின்னாடி ஒலிகோமைசினும் ஆண்டிமைசினும் சேர்த்துப் போட ஆரம்பிச்சாங்க. நியூரான்ல இது எவ்வளவு நடக்குதுன்னு பெரிய சண்டையே ஓடுச்சு. பிங்க்1 இல்லாத எலிக்கும் பார்க்கின் இல்லாத எலிக்கும் மனுஷங்க மாதிரி டோபமின் நியூரான் சாகிறது இல்லை, 2018ல வந்த ஒரு எலி வேலைல பிங்க்1 இல்லாமலே சாதாரண மைட்டோஃபேஜி (ஆட்டோஃபேஜி வழியா மைட்டோகாண்ட்ரியாவை காலி பண்றது) நடந்துக்கிட்டுதான் இருந்துச்சு. அதே 2018ல யூல் லேப் வேற பக்கம் திரும்பி, ஸ்ட்ரெஸ் கொடுத்தாத்தான் வித்தியாசம் தெரியுது, பார்க்கின் பிங்க்1 இல்லன்னா ஸ்டிங்ங்கிற நோய் எதிர்ப்பு சிக்னல் புரதம் வழியா இன்ஃப்ளமேஷன் வருதுன்னு காட்டினாங்க. பார்க்கின்சன்ஸ் பேஷண்ட்ஸ்ல பெரும்பாலானவங்களுக்கு இந்த ரெண்டு ஜீன்ல மியூட்டேஷனே கிடையாது, பார்க்கின் மியூட்டேஷன் இருக்கிறவங்க மூளைல நிறைய நேரம் பார்க்கின்சன்ஸோட அடையாளமான லூயி பாடிங்கிற புரதக் கட்டியும் இருக்காது. இதெல்லாம் தெரிஞ்சு வெச்சிக்கிட்டு, "இருந்தாலும் இது ஏன் முக்கியம்னு நினைக்கிறேன்னா"ன்னு ஆரம்பிச்சா அது பேச்சு.

நியூரான் மட்டும் ஏன் இதுல மாட்டுதுன்னும் ஒரு பதில் ரெடியா வெச்சுக்கங்க. அது பிரியாது, மத்த செல் பிரியும்போது குப்பை ரெண்டா பங்காகிடும், நியூரானுக்கு அந்த வழி இல்லை, நமக்கு வயசானா அதுக்கும் அதே வயசு. ஆக்ஸான் நீளம் வேற, ஆக்ஸான் நுனில உருவாகிற ஆட்டோஃபேகோசோம் டைனீன்ங்கிற மோட்டார் புரதத்தைப் பிடிச்சு செல் பாடி வரைக்கும் வந்துதான் முழுசா வேலையை முடிக்குது. 2006ல ரெண்டு ஜப்பான் லேப் எலியோட நரம்பு செல்லுல மட்டும் ஏடிஜி5, ஏடிஜி7 ஜீனை எடுத்துப் பார்த்தாங்க, எந்த நோய் ஜீனும் போடல, வெறுமனே ஆட்டோஃபேஜியை நிறுத்தினாங்க, அதுக்கே நியூரான்ல புரதம் கட்டி கட்டியா சேர்ந்து எலி நடக்கவே தடுமாறுச்சு. யூனிட் 2-யும் யூனிட் 7-யும் ஒட்ட வைக்கிற பதில் இது.

லேப் தேர்ந்தெடுக்கிறது பத்தி ஒண்ணு ரெண்டு. யூல் மாதிரி டாக்ஸின், பாக்ஸ், பார்க்கின்னு அலைஞ்சு திரிய அவருக்கு என்ஐஎச் உள்ளேயே இருக்கிற லேப்ங்கிற வசதி இருந்துச்சு, அங்க வருஷா வருஷம் கிராண்ட் எழுத வேண்டியதில்லை, பொதுவா நாலு வருஷத்துக்கு ஒரு தடவை ரிவ்யூ, என்ன பண்ணீங்கன்னு கேட்பாங்க. நமக்கு ஃபெல்லோஷிப்பே மொத்தம் அஞ்சு வருஷம். ஜேஆர்எஃப் 2023 ஜனவரில இருந்து மாசம் 37,000, ரெண்டு வருஷம் கழிச்சு எஸ்ஆர்எஃப் ஆனா 42,000, எச்ஆர்ஏ தனி, அதுவும் சில நேரம் மாசக்கணக்கா நின்னு மொத்தமா வரும், கையில கொஞ்சம் சேர்த்து வெச்சுக்கங்க, வீட்டுக்கும் முன்கூட்டியே சொல்லி வைங்க. அதனால கேள்வி பெருசா இருக்கலாம், முதல் எக்ஸ்பெரிமெண்ட் சின்னதா இருக்கணும். வயசான எலிலதான் ரிசல்ட் தெரியும்னு ஒரு புராஜெக்ட் கொடுத்தா ஒண்ணு யோசிங்க, எலிக்கு 18 மாசம் ஆகணும்னா 18 மாசம் காத்திருக்கத்தான் வேணும், நடுவுல காலனில ஏதாவது இன்ஃபெக்ஷன் வந்தா மறுபடியும் முதல்ல இருந்து. அந்த புராஜெக்ட்டை வேணாம்னு சொல்லல, கூடவே செல் லைன்லயோ ஈஸ்ட்லயோ ஈயிலயோ ஆறு மாசத்துல பதில் தெரியிற ஒரு பக்க வேலை இருக்கான்னு கைடுகிட்ட நேரா கேளுங்க. நல்ல கைடு அதுக்கு கோவிச்சுக்க மாட்டாங்க.

கைடுக்கு மெயில் போடும்போது "ஐ ஆம் பேஷனேட் அபவுட் நியூரோசயின்ஸ்"னு ஆரம்பிக்காதீங்க, அவங்க இன்பாக்ஸ்ல அது நூறு கிடக்கும். அவங்க லேப்போட பேப்பர் ஒண்ணை எடுத்து, இந்த ஃபிகர்ல இந்த கண்ட்ரோல் பார்த்தப்ப எனக்கு இப்படி ஒரு சந்தேகம் வந்துச்சுன்னு நாலு வரி எழுதுங்க, கீழ உங்க மார்க், நெட் ரேங்க் போட்டா போதும். பதில் வந்து லேப்பைப் பார்க்கக் கூப்பிட்டா கைடு ரூம்ல பேசின நேரத்துக்கு சமமா ஸ்டூடண்ட்ஸ் உக்கார்ற பக்கமும் இருங்க. புதுசா சேர்ந்தவங்க எல்லாம் நல்லாத்தான் சொல்வாங்க, நாலாவது வருஷத்துல இருக்கிறவங்களைத் தனியா டீ குடிக்கக் கூட்டிட்டுப் போய் கேளுங்க, பேப்பர்ல முதல் பேர் யாருக்குன்னு எப்ப முடிவு பண்றாங்க, ஆன்டிபாடி ஆர்டர் போட்டா எத்தனை வாரத்துல வருது, ஞாயித்துக்கிழமை லேப் மீட்டிங் இருக்கா, இதுக்கு முன்னாடி முடிச்சவங்க இப்ப எங்க இருக்காங்க.